தனித்து நின்ற குஞ்சும் தனித்து மிதந்த குட்டியும்

சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் காலை, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவின் கிணற்றடியில், கருப்பு வெள்ளைப் பாட்டுப் பறவையான கரிச்சானின் குஞ்சு ஒன்று நின்றுகொண்டிருந்தது. வால் இன்னும் வளரவில்லை. மார்பில் பழுப்புப் புள்ளிகள், வாயோரத்தில் மஞ்சள். என் காலடிக்கு இரண்டு முழத் தொலைவில் அசையாமல் நின்றது. சுற்றிலும் பார்த்தேன். தாயைக் காணவில்லை, தகப்பனைக் காணவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் படுத்திருந்தது. மனம் பதறிவிட்டது. இரு கைகளாலும் குஞ்சை அள்ளியெடுத்து, சப்பாத்துப் பெட்டியில் பழைய பருத்திச் சேலைத் துண்டை விரித்து உள்ளே வைத்தேன். பாலில் ஊறவைத்த சோற்றை விரல் நுனியால் ஊட்டினேன்.

அன்று முழுவதும் யன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தில் இரண்டு பெரிய பறவைகள் கரகரத்த குரலில் சீறிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தில் குஞ்சு மிரளும் என்று யன்னலைச் சாத்தினேன். மறுநாள் விடியுமுன் குஞ்சு இறந்துவிட்டது.

வெளியே சீறியவை அதன் தாயும் தகப்பனும். அவை குஞ்சைக் கைவிடவே இல்லை. நான்தான் அவற்றின் குரலுக்கும் குஞ்சின் காதுக்கும் நடுவே ஒரு கண்ணாடியை அடைத்தேன். இதை எனக்குப் புரியவைத்தது இன்னொரு பறவை அல்ல, அடுத்த வருடம் பங்குனியில் திருகோணமலைக் கடலில் நான் பார்த்த ஒரு திமிங்கிலக் குட்டி.

என் அண்ணா சல்லிக் கிராமத்தில் கடற்றொழில் செய்பவர். வாடைக்காற்று ஓய்ந்து கடல் தணிகிற மாதங்களில், திமிங்கிலம் பார்க்க வருபவர்களையும் தன் படகில் ஏற்றிச் செல்வார். எங்கள் கடலின் அமைப்பு அதற்குத் தோதானது. மகாவலி வந்து சேரும் கொட்டியாரக் குடாவிலிருந்தே ஓர் ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. பல இடங்களில் நாட்கணக்கில் பயணம் செய்தால்தான் கிடைக்கும் ஆழம், இங்கே படகில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிடைக்கிறது. கோணேசர் கோயில் மலையுச்சியில் நின்றே, பங்குனி சித்திரையில் கடல் தெளிந்திருக்கும் காலைகளில், நீலத் திமிங்கிலம் மூச்சுவிடும் நீர்த்தூணைக் கண்டவர்கள் இங்கே ஏராளம். இந்தியப் பெருங்கடல் 1979இல் திமிங்கிலங்களுக்கான புகலிடமாக அறிவிக்கப்பட்டபின், 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற சிறு பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலிலும் பெட்டி போன்ற பெரிய தலையுள்ள ஸ்பேர்ம் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து அவற்றின் ஒலிகளைப் பதிவு செய்தார்கள். உலகின் மற்றக் கடல்களில் பின்னாளில் நடந்த பல ஆய்வுகளுக்கு அது ஒரு தொடக்கப் பள்ளி என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளே அறியாமல் இருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

அன்று காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். அண்ணா, அவருடைய மகன், கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம், நான். பல்கலைக்கழகத்தில் மின்னியல் படிக்கும் அந்த மருமகன், தானே செய்த நீரொலிவாங்கி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு நீர்மட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ மிதப்பது தெரிந்தது. கிட்டத்தட்ட எங்கள் படகின் பாதி நீளம். சற்றைக்கொரு தரம் இடப்பக்கமாகச் சாய்ந்த சிறு மூச்சுப்புகை. ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் மூச்சுத்துளை தலையின் முன்நுனியில் இடப்பக்கம் இருப்பதால் அதன் மூச்சு எப்போதும் அப்படித்தான் முன்னோக்கிச் சாய்ந்து வரும். நீலத் திமிங்கிலத்தின் மூச்சோ நேராக, உயரமாக எழும். தூரத்திலிருந்தே இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.

அது ஒரு குட்டி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு ஒன்றுமே இல்லை.

"அண்ணா, பாவம், தாயைத் தொலைத்துவிட்டது. கிட்டப் போய்ப் பார்ப்போம்" என்றேன்.

அண்ணா எஞ்சினை நிறுத்தினார். "தாய் கீழே நிற்கிறாள், தங்கச்சி. முதலில் கேள்" என்றார்.

மருமகன் வயரை மெல்ல மெல்லக் கடலுக்குள் இறக்கினான். ஹெட்போனை என் காதில் வைத்து, "மாமி, கண்ணை மூடுங்கள்" என்றான். முதலில் படகின் அடியில் அலை மோதும் சத்தம். பிறகு, அதற்கும் கீழே, யாரோ மரத்தில் ஆணி அடிப்பதுபோல ஒரு தட்டல். டக்… டக்… டக்… நிதானமாக, நொடிக்கு ஒன்றோ இரண்டோ. அதன் மேல் இன்னொரு தட்டல், வேறு வேகத்தில். பிறகு மூன்றாவது. ஒரு தச்சுப் பட்டறையின் வாசலில் நிற்பதுபோல இருந்தது. அந்தக் காலத்துத் திமிங்கில வேட்டைக்காரர்கள், கப்பலின் மரப்பலகை வழியாக இந்த ஒலியைக் கேட்டு இவற்றுக்குத் 'தச்சன் மீன்' என்றே பெயர் வைத்தார்களாம். கண்ணைத் திறந்தால் வெறும் கடல். மூடினால் கீழே ஒரு குடும்பமே வேலை செய்துகொண்டிருந்தது.

பெரிய ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் கணவாய் தேடி 400 மீட்டர் முதல் 1200 மீட்டர் வரை இறங்கும். நாற்பது ஐம்பது நிமிடம் மூச்சடக்கி நிற்கும். வெளிச்சம் எட்டாத அந்த ஆழத்தில் தட்டலை அனுப்பி, அதன் எதிரொலியால் இரையைக் கண்டுபிடிக்கின்றன. பால்குடிக் குட்டியால் அந்த ஆழத்துக்குத் தொடர்ந்து போக முடியாது. அதனால் குட்டி மேலே மிதந்து காத்திருக்கும். குடும்பத்துப் பெண் திமிங்கிலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்காமல், முன்பின்னாக முறைவைத்து இறங்கும். யாராவது ஒருத்தி எப்போதும் குட்டிக்கு எட்டும் தூரத்தில் இருப்பதற்கான ஏற்பாடு இது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில் போகிறது, காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் நிற்கும் தாயின் தட்டல், குட்டியை ஒரு நொடிக்குள் வந்து தொட்டுவிடுகிறது.

'தாயைப் பிரிந்த கன்று' என்பது நம் மொழியில் துயரத்துக்கே ஒரு பெயர். பக்திப் பாடல்களில் கேட்டு, பட்டியில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் தனியாக நிற்கும் எந்தக் குட்டியைக் கண்டாலும் நம் நெஞ்சு உடனே அந்தப் பசுவையும் கன்றையும் எடுத்துவைத்துக்கொள்கிறது. ஆனால் பசு கண் பார்வைக்குள் மேயும் பிராணி. திமிங்கிலத்துக்கும் கரிச்சானுக்கும் 'பக்கத்தில் இருப்பது' என்றால் காதுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது. கண்ணால் மட்டும் பார்த்த நான் இரண்டு குட்டிகளையும் அநாதைகள் என்று முடிவுகட்டினேன்.

கால் மணி நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போது தெற்கிலிருந்து இன்னொரு படகு முழு வேகத்தில் வந்தது. அதில் இருந்தவர்கள் குட்டியைக் கண்டுவிட்டார்கள். நேராக அதை நோக்கியே விட்டார்கள். என் காதுக்குள் மாவரைக்கும் ஆலை ஓடியதுபோல ஓர் இரைச்சல். ஹெட்போனைப் பிடுங்கி எறியத் தோன்றியது. தட்டல்கள் ஒன்றுகூடக் கேட்கவில்லை. குட்டி முதுகை வளைத்து நீருக்குள் அமிழ்ந்தது. அந்தப் படகில் கைபேசிகள் உயர்ந்தன. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர். அதில் ஒரு பெண் "ஐயோ, தனியாக நிற்கிறதே" என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. அரை மணி நேரத்துக்கு முன்பு எனக்கு வந்த அதே எண்ணம்.

அந்த எஞ்சின் ஓய்ந்த பிறகும் நெடுநேரம் கீழே தட்டல் இல்லை. பிறகு வெகு தூரத்தில் மூன்று பெரிய முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. வேகமாக நீந்தின. நடுவில் அந்தச் சிறிய சாம்பல் முதுகு தெரிந்தது. நால்வரும் ஒட்டிக்கொண்டு கிழக்கே போய்விட்டார்கள். இரை தேடும் நேரத்தைப் பாதியில் விட்டு வந்த மூன்று பேர். அப்போதுதான் எங்கள் வீட்டு யன்னல் என் கண்முன் வந்து நின்றது. நான் கண்ணாடியால் செய்ததை அந்தப் படகு எஞ்சினால் செய்தது.

வீட்டுக்கு வந்ததும் கரிச்சானைப் பற்றி அகப்பட்டதை எல்லாம் படித்தேன். புத்தகங்களில் குண்டுகரிச்சான் என்பார்கள். ஒரு சாண் நீளமுள்ள கருப்பு வெள்ளைப் பறவை. இலங்கையில் பெண்ணும் ஏறக்குறைய ஆணைப் போலவே கருமையாக இருப்பதால் இரண்டையும் பிரித்தறியக் கொஞ்சம் பழகவேண்டும். மரப்பொந்து, மதில் ஓட்டை, பழைய குழாய் என்று எந்தத் துவாரம் கிடைத்தாலும் கூடு வைக்கும். அடைகாப்பது பெண். ஊட்டுவது இருவரும். பங்களாதேசம் இதைத் தன் தேசியப் பறவையாக வைத்திருக்கிறது. எனக்கு வேண்டியது இவை எதுவும் அல்ல, ஒரே ஒரு செய்திதான். பொரித்து இரண்டு வாரமளவில், பறக்கப் பழகுமுன்பே, குஞ்சு கூட்டை விட்டு இறங்கிவிடும். தரையிலும் புதரடியிலும் தத்தித் திரியும். பெற்றோர் நாள் முழுவதும் புழுவும் பூச்சியும் கொண்டுவந்து ஊட்டும். கிணற்றடியில் நின்ற குஞ்சு தவறி விழவில்லை. தன் வயதுக்கு உரிய இடத்தில் நின்றது.

இன்னொன்றும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த இரண்டு உயிர்களின் மீதும் தீராத ஆசை வந்தது. கோழிக்குஞ்சு எந்தக் கோழியையும் கேளாமலே கோழியாகக் கொக்கரிக்கும். பூனைக்குட்டியும் அப்படியே. ஆனால் பாட்டுப் பறவைகளும் திமிங்கில இனங்களும் தங்கள் குரலை மூத்தவர்களிடம் கேட்டுத்தான் கற்கின்றன. பிறவிக் குரல் போதாமல் கேட்டுக் கற்கும் உயிர்கள் இந்த உலகத்தில் மிகச் சில. மனிதரும் வெளவால்களும் யானைகளும் கிளிகளும் அந்தச் சிறு வரிசையில் வருகிறார்கள். கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் என்ற ஆய்வாளர் 1950களில் மற்றப் பறவைகளின் பாட்டே கேளாமல் வளர்த்த சாஃபின்ச் என்ற பாட்டுப் பறவையின் குஞ்சுகள், பெரிதானதும் குறைபட்ட, உருவமில்லாத பாட்டைத்தான் பாடின. கலிபோர்னியாவில் பீட்டர் மார்லர் ஆராய்ந்த வெண்முடிச் சிட்டுகளுக்கு ஊருக்கு ஊர் வட்டாரப் பாட்டு உண்டு. குஞ்சு பொரித்த பத்தாம் நாள் முதல் ஐம்பதாம் நாள் வரையில் கேட்பதே அதன் ஆயுளுக்கும் நிற்கிறது. குஞ்சு கூட்டை விட்டு இறங்கித் தரையில் தத்தும் நாட்கள் அந்தக் காலத்துக்குள்தான் விழுகின்றன.

ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் மேலே வந்து கூடியிருக்கும் நேரத்தில் வேறு விதமான தட்டல் நடக்கும். சில தட்டல்கள் மட்டும், திட்டமான தாளத்தில். ஆய்வாளர்கள் இதைக் 'கோடா' என்கிறார்கள். கரீபியனில் டொமினிக்கா தீவருகே வாழும் குடும்பங்களின் கோடா ஒன்று இப்படி இருக்கும்: டக்… டக்… டக்டக்டக். இரண்டு நிதானமாக, மூன்று வேகமாக. பசிபிக்கில் வாழ்பவற்றின் தாளங்கள் வேறு. ஒரே கடலில் அருகருகே வாழ்ந்தாலும் தாளம் வேறுபட்ட கூட்டங்கள் ஒன்றோடொன்று சேர்வதில்லை என்று லூக் ரெண்டெல், ஹால் வைட்ஹெட் இருவரும் 2003இல் எழுதினார்கள். துலிப் படகில் எங்கள் கடலுக்கு வந்தவர்களில் ஒருவர்தான் இந்த வைட்ஹெட். குட்டிகள் முதலில் தாளம் தப்பி மழலை தட்டும். தன் குடும்பத்துக் கோடாவைத் திருத்தமாகத் தட்டப் பழக ஒரு குட்டிக்கு இரண்டு வருடமளவு ஆகிறது.

இந்த இடத்தில் இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. கரிச்சான் பாட்டு பெரும்பாலும் ஆணுடையது. விடியலில் உயர்ந்த கிளையில் அமர்ந்து 'இந்த வளவு என்னுடையது' என்று சொல்லும் வேலிப் பாட்டு அது. ஆகவே குஞ்சு கேட்டு வளர்வது தகப்பனின் குரலையும் அடுத்த வளவுத் தகப்பன்களின் குரலையும். ஸ்பேர்ம் திமிங்கிலத்தில் வளர்ந்த ஆண்கள் குடும்பத்தை விட்டுத் துருவப் பக்கத்துக் குளிர்கடல்களுக்குப் போய்விடுகின்றன. வெப்பக்கடலில் தங்குவது பாட்டி, தாய், பெரியம்மா, சின்னம்மா, பிள்ளைகள். அங்கே குரல் பெண் வழியில் வருகிறது. பறவை மூச்சைச் செலவழித்துப் பாடுகிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் சிரிங்ஸ் என்ற உறுப்பின் இரு பக்கங்களையும் தனித்தனியாக இயக்கி, ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்ப வல்லது. திமிங்கிலமோ ஒரு குமிழ் காற்றைக்கூட வெளியே விடாமல், தலைக்குள்ளேயே காற்றை முன்னும் பின்னும் ஓட்டித் தட்டுகிறது. உடலில் மூன்றில் ஒரு பங்கு அளவான அந்தப் பெட்டித் தலை முழுவதும் இந்த ஒலிக்கான கருவி. விலங்குகள் எழுப்பும் ஒலிகளில் மிகப் பலமானது இதுவே. ஒன்று ஒரு பிடிக்குள் அடங்கும், மற்றொன்று ஒரு பஸ் நீளம். இரண்டுமே வெப்பக் குருதி கொண்டவை. காற்றை மூச்சாக இழுப்பவை. பேசக் கற்றுக்கொண்டு பிறக்காதவை.

இனி என் அனுபவத்திலிருந்து பிறருக்குப் பயன்படக்கூடியதைச் சொல்கிறேன்.

தரையில் ஒரு குஞ்சைக் கண்டால் முதலில் அதன் இறகைப் பாருங்கள். இறகே இல்லாமலோ, கண் திறவாமலோ இருந்தால் அது கூட்டிலிருந்து விழுந்தது. கூடு எட்டுமானால் எடுத்து உள்ளே வையுங்கள். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று எங்கள் அம்மம்மா உட்பட எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை அல்ல. குஞ்சை மனித வாடைக்காகப் பறவைகள் ஒதுக்குவதில்லை. உடம்பெல்லாம் இறகு முளைத்து, குறுவாலோடு, உங்கள் விரலைப் பிடித்து நிற்கும் வலுவோடு இருந்தால், அது தானாக இறங்கியது. அதை விட்டுவிடுங்கள். வாகனம் வரும் இடமோ, பூனை நடமாடும் இடமோ என்றால், சில அடி தள்ளி ஒரு புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வையுங்கள். அந்த வளவுக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். பிறகு வீட்டுக்குள் வந்து யன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். நீங்கள் அருகில் நிற்கும்வரை பெற்றோர் இறங்கமாட்டா. அவை 'கிர்ர்' என்று சீறினால், அது குஞ்சுக்கு 'அசையாதே' என்ற செய்தி. உங்களைப் பார்த்துத்தான் சீறுகின்றன.

பால் கொடுக்காதீர்கள். பறவைக்குப் பால் செரிக்காது. வாயில் தண்ணீர் சொட்டவிடாதீர்கள், அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பூனை கடித்திருந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் ஆபத்து. மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுபோகவேண்டும். கூடு வைக்கும் மாதங்களில் மதில் ஓட்டைகளைச் சீமெந்து வைத்து அடைக்காதீர்கள், பட்டுப்போன மரத்தை உடனே தறிக்காதீர்கள். பூனை வளர்ப்பவர்கள் ஒரு பத்து நாள் அதை வீட்டுக்குள் வைத்தால் போதும். கைபேசியில் கரிச்சான் பாட்டை ஓடவிட்டு அதை வரவழைக்கும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. தயவுசெய்து வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் நுழைந்துவிட்டது என்று நம்பி, அந்தத் தகப்பன் ஊட்டும் வேலையை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு: படகுக்குப் பணம் கொடுக்குமுன், திமிங்கிலத்தைக் கண்டதும் எஞ்சினை நிறுத்துவீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரோடு போகவேண்டாம். குறைந்தது 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதிமுறையில் உள்ளது. ஆனால் படகோட்டிகளைத் துரத்தச் சொல்லி நெருக்குபவர்கள் பெரும்பாலும் பயணிகள்தான். 'இன்னும் கிட்ட' என்று நாம் கேட்காவிட்டால் அவர்கள் போகமாட்டார்கள். அணுகும்போது பக்கவாட்டில், அது போகும் திசைக்கு இணையாக, மெதுவாகப் போகவேண்டும். முன்னால் போய் மறிப்பதும், பின்னாலிருந்து விரட்டுவதும், சுற்றிவளைப்பதும் கூடாது. நீரில் குதிக்கவே கூடாது. குட்டி தனியாக மிதந்தால் அருகில் போவதற்கான காரணம் அது இல்லை, தூரத்திலேயே நிற்பதற்கான காரணம். ஐம்பது நிமிடம் பொறுத்திருந்தால் தாய் வந்துசேர்வதைப் பார்க்கும் பேறு கிடைக்கும். எனக்கு அது பிறகு இரண்டு முறை கிடைத்தது. அந்தப் பெரிய பெட்டித் தலை நீரைப் பிளந்து மேலே வந்து முதல் மூச்சை விடும் சத்தத்தில் எங்கள் படகில் யாரும் பேசவில்லை.

கரையொதுங்கிய குட்டி என்றால் கதை வேறு. வலையில் சிக்கியதும் அப்படியே. அப்போது உதவி வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ கடற்படைக்கோ உடனே சொல்லவேண்டும். ஈரத்துணி போர்த்தி, நிழல் கொடுத்து, மூச்சுத்துளைக்குள் நீரோ மணலோ போகாமல் காக்கவேண்டும். வாலில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. 2017 மே மாத இறுதியில் சம்பூர்ப் பக்கத்தில் சுமார் 20 பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கியபோது, கடற்படையினரும் ஊர் மக்களும் இடுப்பளவு நீரில் இறங்கி அவற்றைத் திருப்பிக் கடலுக்கு அனுப்பினார்கள். எங்கள் மாவட்டம் பெருமைப்படவேண்டிய நாள் அது.

நீரொலிவாங்கி செய்வது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். மருமகன் செய்தது எளிய கருவி. விளையாட்டுப் பொருட்களில் ஒலி எழுப்பும் தட்டையான பித்தளை வில்லை ஒன்று, அதில் பற்றவைத்த உறை போட்ட வயர், நீர் புகாமல் முழுவதையும் மூடிய எப்பொக்சிப் பசை, படகில் ஒரு சிறிய ஒலிபெருக்கி, பதிவுக் கருவி. வயர் நுனியில் ஈயக்குண்டு கட்டிப் பத்து மீட்டருக்குக் குறையாமல் இறக்கவேண்டும். வயர் படகில் உரசினால் அந்தச் சத்தமே எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் விளிம்பில் பழைய துணி சுற்றிவைக்கிறோம். புறாமலைப் பக்கத்துப் பவளப்பாறைகளில் இறக்கினால் பொரி பொரிவதுபோல ஓயாத வெடிப்பு கேட்கும். அது கொடுக்கை அடிக்கும் சிறு இறால்களின் சத்தம். நீலத் திமிங்கிலத்தின் குரலை இந்தக் கருவியில் எதிர்பார்க்கவேண்டாம். அதன் பெரும்பகுதி மனிதக் காதின் கீழ் எல்லையை ஒட்டி ஒலிப்பது. தகுந்த கருவியில் பதிந்து பல மடங்கு வேகமாக ஓட்டினால்தான் நமக்குத் தெளிவாகக் கேட்கும். என் வயதில் மேல் சுரங்களும் காதுக்கு எட்டாமல் நழுவத் தொடங்கிவிட்டன. கரிச்சான் பாட்டின் உச்சியில் வரும் ஒரு மெல்லிய கீச்சு, மகளுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்பதில்லை. அவள் கையை உயர்த்திக் காட்டுவாள். அந்த இடத்தில் நானும் தலையாட்டுவேன்.

இந்த வருடம் சித்திரையில் அதே கிணற்றடியில் இரண்டு குஞ்சுகள் இறங்கின. பக்கத்து வீட்டுக்காரர் பூனையை ஒரு கிழமை உள்ளே வைத்திருக்க ஒப்புக்கொண்டார். நான் குசினி யன்னலைத் திறந்து, உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கை பரபரத்தது. பிறகு தகப்பன் மதிலில் வந்து ஒரே ஒரு சுரம் கொடுத்தது. வாழையடியிலிருந்து ஒரு குஞ்சு, செம்பரத்தைக்குக் கீழிருந்து ஒரு குஞ்சு, இரண்டும் பதில் கொடுத்தன. அவை எங்கே நின்றன என்று அந்தக் கணம் வரை எனக்குத் தெரியாது. தகப்பனுக்குத் தெரிந்திருந்தது. மயிர்க்கொட்டி ஒன்றைத் தரையில் அடித்து மென்மையாக்கி வாழையடிக்குக் கொண்டுபோனது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு மத்தியான வேளை. வெயிலில் எல்லாப் பறவைகளும் அடங்கியிருந்தன. கொய்யா மரத்தின் உட்கிளையிலிருந்து யாரோ தூக்கத்தில் முணுமுணுப்பதுபோல ஒரு சத்தம். புள்ளி மார்பு இன்னும் மாறாத அந்தப் பிள்ளை, அலகைத் திறக்காமலே பாடிப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் கொண்டைக்குருவியின் ஒரு துண்டு, தையல்சிட்டின் ஒரு துண்டு. பிறகு தகப்பனின் பாட்டு, முதல் அடி சரி, இரண்டாம் அடி சரி, மூன்றாவதில் தடுமாறி நின்றது. சற்றுநேரம் பேசாமலிருந்தது. மீண்டும் முதல் அடியிலிருந்து தொடங்கியது.